டூட்டிக்குப் போயிருக்கார்

அந்த ஹோட்டலுக்கு வருகிறவர்கள் காரில் வருவார்கள். சிஸ்டரம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

இறங்கின நிறுத்தம் அவளுக்குப் புதிதில்லை. நர்ஸாக இருந்த காலமெல்லாம் காலை டூட்டிக்குப் போகிற பஸ் இங்கேதான் சிக்னலுக்காக நிற்கும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஹோட்டலைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் அது பார்க்கிற லட்சணத்திலா இருக்கும்! வாசலில் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அழுக்குத் துணி மூட்டைகள் வண்டியில் ஏறும். மஞ்சள் சுவரில் மழை இறங்கின கறை நீளநீளமாகத் தெரியும். நூறு வருஷத்துக்கு மேலான அந்தக் கட்டடம், பல் விளக்காமல் வாசலுக்கு வந்துவிட்ட பெரிய வீட்டு அம்மாள் மாதிரி நிற்கும்.

அவள் புருஷன் பார்த்த ஹோட்டல் வேறு. அவருக்குப் பத்திரிகை அச்சடிக்கிற மிஷினில் வேலை, எப்போதும் ராத்திரி ஷிப்ட். அச்சகம் இதே வட்டாரத்தில், இரண்டு தெரு தள்ளி. சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு அவர் இந்த வழியாக நடந்து போவார். "அரண்மனை மாதிரி இருக்கு, சிஸ்டரம்மா" என்பார். "அரண்மனையா? சுண்ணாம்பு உதிர்ந்து கொட்டுது" என்பாள் இவள். கல்யாணமான புதிதில் தொடங்கின இந்த வழக்கு தீரவே இல்லை. தீர்க்க வழியும் இல்லை. அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவள் திரும்பி வந்து காபிக்குத் தண்ணீர் வைக்கும்போது அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பார். குடித்தனம் முழுக்க வாசற்படியிலேயே நடந்து முடிந்துவிட்டது.

அவளுக்கும் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. நர்ஸ் வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் அது காணாமல் போயிற்று. வார்டில் சிஸ்டர், தெருவில் சிஸ்டரம்மா. கட்டின புருஷனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். "பெண்டாட்டியைப் போய் சிஸ்டர்னு கூப்பிடறீங்களே, வெட்கமா இல்ல?" என்று கேட்டால், "ஊரே கூப்பிடுது, நான் மட்டும் தனியா என்னன்னு கூப்பிடறது?" என்பார்.

"ரெண்டு பேரும் ரிடையர் ஆகட்டும். அங்கேயே மூணு நாள் தங்கி, காலையிலயும் பார்ப்போம், ராத்திரியிலயும் பார்ப்போம். யார் சொன்னது சரின்னு தெரிஞ்சுபோயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னபடி செய்யவும் செய்தார். அவள் ஓய்வு பெற்ற கையோடு, தெருவைப் பார்த்த அறையாகக் கேட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டு வந்தார். அந்தத் தேதி வருவதற்குள் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மகன் ஒருவன்தான். நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டமே. கெட்ட பிள்ளையாக இருந்தால் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடலாம். இவன் தன் வீட்டில் அவளுக்கென்று ஓர் அறையை ஒழித்து, புது மெத்தை வாங்கிப் போட்டுவிட்டு, "அந்த வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துடும்மா. தனியா நீ என்ன பண்ணுவ?" என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் பிடி கொடுக்கவில்லை. ஹோட்டலையாவது கேன்சல் பண்ணுகிறேன் என்றான். அதற்கும் மாட்டேன் என்றாள்.

"தனியாவாம்மா போகப்போற?"

"ஏன், நான் என்ன சின்னக் குழந்தையா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "சரிம்மா. மூணு நாள் அங்க தனியா இருந்து காட்டு. இருந்துட்டா, வீட்டைக் காலி பண்ற பேச்சை நான் எடுக்கவே மாட்டேன். முடியலன்னா மறுபேச்சு பேசாம என்கூட வந்துடணும்."

"சரி, பார்த்துடலாம்" என்றாள். எத்தனையோ வருஷம் ஒரு வார்டையே கட்டி மேய்த்தவள். ஓர் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய வித்தையா என்று நினைத்தாள்.

ஹோட்டலின் முன்கூடம் குளுகுளுவென்று இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பாவிய தரை. ஒரே சமயத்தில் பத்துப் பேர் கைகோத்து இறங்கலாம் போல அகலமான படிக்கட்டு. வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பலகை. அதில் அறை எண்கள், எண்களுக்கு நேராக 'உள்ளே' என்று ஒரு பக்கம், 'வெளியே' என்று ஒரு பக்கம், இரண்டிலும் வரிசையாகக் கொக்கிகள். மூக்குக் கண்ணாடி போட்ட மேசைக்காரர் சாவியோடு இரண்டு பித்தளை வில்லைகளையும் எடுத்து வைத்தார்.

"இது எங்க ஹோட்டல்ல பழைய பழக்கம்மா. ஆளுக்கு ஒரு வில்லை. நீங்க உள்ள இருந்தா இந்தப் பக்கம் தொங்கும். வெளிய போகும்போது சொல்லிட்டுப் போனா அந்தப் பக்கம் மாத்திடுவோம். ரொம்ப காலம் முன்னாடி இங்க ஒரு தடவை தீப்பிடிச்சுது. உள்ள யார் இருக்காங்க, வெளிய யார் போயிருக்காங்கன்னு தெரியாம தவிச்சுப் போயிட்டாங்களாம். அதுலேர்ந்து இந்தப் பலகை." ஒரு வில்லையை 'உள்ளே' பக்கம் மாட்டினார். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "சார் எங்கம்மா?" என்று கேட்டார்.

பதில் தெரியாமல் இல்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"டூட்டிக்குப் போயிருக்கார். வந்துடுவார்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பால்காரரிலிருந்து பையனின் டீச்சர் வரைக்கும், "எங்கே உங்க வீட்டுக்காரர்?" என்று யார் கேட்டாலும் அவள் சொல்லிவந்த ஒரே பதில் அதுதான். வேறு பதிலுக்கு அவள் நாக்கு பழகவே இல்லை. உடனே திருத்தியிருக்கலாம். பின்னால் ஒரு குடும்பம் பெட்டியும் படுக்கையும் பிள்ளைகளுமாக நின்றது. அதற்குள் மேசைக்காரர் இரண்டாவது வில்லையை 'வெளியே' பக்கத்தில் மாட்டிவிட்டு, "நல்லதும்மா. சார் வந்ததும் மேல அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டார். திரும்பிப் பார்த்தாள். வில்லை கொக்கியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பார்க்கப் பழகின விஷயமாகத்தான் இருந்தது அவளுக்கு. அவர் வெளியே, அவள் உள்ளே.

அறையில் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. இரண்டு தலையணை, இரண்டு துண்டு, இரண்டு கோப்பை, காகித உறைக்குள் இரண்டு ஜோடி செருப்பு. கட்டில் இருக்கிற அகலத்துக்கு, அவள் வார்டாக இருந்தால் நாலு பேஷண்டைப் படுக்க வைத்திருப்பார்கள். கூரை எட்டாத உயரம். ஆளுயர ஜன்னலைத் திறந்தால் தெருவின் சத்தம் மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது. கட்டிலின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிடப்போகிற மாதிரிக் காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு கீழே போனாள். மேசைக்காரர் அவளுடைய வில்லையைக் கழற்றி மற்றதற்குப் பக்கத்தில் மாட்டினார். இரண்டும் ஒட்டிக்கொண்டு தொங்கின. இரண்டு பேரும் வெளியே போயிருக்கிறார்கள் என்று பலகை சொல்லிற்று. ஜோடியாக வெளியே போவதெல்லாம் அவர்கள் வாழ்க்கையில் அபூர்வம். வெட்கமில்லாமல் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

தெருவில் எள் போட இடமில்லை. சினிமாக் கொட்டகை வாசலில் வரிசை. துணிக்கடைக்காரர்கள் போகிற வருகிறவரை எல்லாம் உள்ளே இழுத்தார்கள். சோளம் சுடுகிற வண்டியிலிருந்து புகை. ஒருவன் தொப்பியைக் கீழே வைத்துவிட்டு வயலின் வாசித்தான். தொப்பியை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அவனுக்கு ஒரு கண் அதிலேயே இருந்தது. கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டே போய் எதிர்ச் சாரியில் நிறுத்தியது. அங்கே ஓர் இளம் ஜோடி, "ஆன்ட்டி, எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தரீங்களா? பின்னாடி ஹோட்டல் முழுசா வரணும்" என்று செல்போனை நீட்டியது.

போனைத் தூக்கிப் பிடித்தாள். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்தான் அவள் முதல் தடவையாக அதைப் பார்த்தாள். அத்தனை ஜன்னலிலும் விளக்கு. மாடத்துக்கு மாடம் விளக்கு. மஞ்சள் சுவர் பொன்னாகப் பூத்து நின்றது. மழைக் கறை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"ஆன்ட்டி, எடுத்துட்டீங்களா?"

எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகும் அங்கேயே நின்றாள். அரண்மனைதான். அவர் சொன்னதுதான் சரி. இத்தனை வருஷத்து வழக்கில் தான் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ளலாம் என்று பார்த்தால், பக்கத்தில் ஜெயித்தவர் இல்லை. தெருவில் அத்தனை பேர் இருந்தார்கள். அந்த ஒரு ஆள் இல்லை.

அன்றைக்குப் படுக்கும்போது கதவைச் சாத்தினாளே தவிர உள்தாழ்ப்பாள் போடவில்லை. மறதியில்லை. அவள் வீட்டுக் கதவுக்கு இரண்டு சாவி. அவரிடம் ஒன்று, அவளிடம் ஒன்று. உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டால் வெளியிலிருந்து சாவி போட்டும் திறக்க முடியாது. சில நாள் ஷிப்ட் சீக்கிரமே முடிந்து வருகிற மனுஷன் கதவைத் தட்டி, தூங்குகிற பெண்டாட்டியையும் பிள்ளையையும் எழுப்ப வேண்டும். அதனால் அந்த வீட்டில் யாருமே தாழ்ப்பாள் போட்டதில்லை. அது துருப்பிடித்துக் கிடந்தது.

மறுநாள் காலை அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, தாழ்ப்பாள் போடாமலா தூங்கினீங்க? இது கூட்டமான இடம். கண்டவனும் மாடிப்படி ஏறுவான்."

"அவர் வந்தா திறக்கணுமேன்னு..." என்று இழுத்தாள் சிஸ்டரம்மா.

"சார் வந்தாரா?"

"வந்தார். உடனே திரும்பக் கிளம்பிட்டார்."

அந்தப் பெண் கட்டிலைப் பார்த்தாள். இன்னொரு தலையணை மடிப்புக் கலையாமல் இருந்தது. இன்னொரு ஜோடி செருப்பு உறையைப் பிரிக்காமல் கிடந்தது. துண்டில் ஈரமில்லை. "பாவம், தலையைக்கூடச் சாய்க்கல போலிருக்கே மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே விரிப்பை உதறினாள். கேலியில்லை, நிஜமாகவே பரிதாபப்பட்டாள். அதுதான் சிஸ்டரம்மாவுக்கு முள்ளாகக் குத்தியது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாகிவிட்டது. இனி என்ன செய்வது? யாரிடமாவது போய், "மன்னிச்சுக்கோங்க, எங்க வீட்டுக்காரர் டூட்டிக்குப் போகல" என்று ஆரம்பித்தால் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கான பதிலை அவள் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் மகனுக்குப் போன் செய்தார். மகன் உறவுக்கெல்லாம் சொன்னான். வந்தவர்கள் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். அவள் வாய் திறக்க அவசியமே வரவில்லை. இத்தனைக்கும் வார்டில் அந்த வேலை அவளுடையதுதான். கதவுக்கு வெளியே நிற்கிறவர்களிடம் போய்ச் சொல்ல டாக்டர்களே தயங்கும்போது, இவள் போவாள். புதிதாக வருகிற நர்ஸுகளுக்குப் பாடம்கூட எடுத்திருக்கிறாள்: "சுத்தி வளைக்காதீங்க. நேரா சொல்லிடுங்க. சுத்தி வளைச்சா அவங்க நம்பிக்கிட்டே நிப்பாங்க." எத்தனை பேரிடம் அப்பா போனதை, எத்தனை பேரிடம் புருஷன் போனதை அவள் நேராகச் சொல்லியிருக்கிறாள்!

அன்றைய பொழுது நகரவே மாட்டேன் என்றது. காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்பூனும் தட்டும் சிரிப்புமாக ஒரே இரைச்சல். பரிமாறுகிறவர் அவளுக்கு எதிரிலும் ஒரு தட்டை வைத்துவிட்டுப் போனார். எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. வெறும் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து ரொட்டியை மென்றாள். பிறகு தெருவில் நடந்தாள். நடந்து முடித்து ஜன்னலில் நின்றாள். நின்று முடித்துப் படுத்தாள். சாயங்காலம் மகன் போன் செய்தான்.

"எப்படிம்மா இருக்க?"

"ராணி மாதிரி இருக்கேன்."

"யார்கூடவாவது பேசினியா?"

"ஏன் பேசாம? இங்க எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க."

"சரிம்மா" என்றான். அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்த சந்தேகம் அவளுக்குக் கேட்டது. இப்போதே வந்து கூட்டிக்கொண்டு போடா என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டாள். சொன்னால் வீடு போய்விடும். அந்த வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்றால், ஒன்றும் இல்லை. அவர் இல்லாத வீடு அவர் ஷிப்டுக்குப் போயிருக்கிற வீடு மாதிரியே இருந்தது, அவ்வளவுதான். மகன் வீட்டில் அது முடியாது. அங்கே எல்லோரும் சேர்ந்து அவரை இல்லாமல் ஆக்கிவிடுவார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அவள் செய்த காரியத்தை எழுதவே சங்கடமாக இருக்கிறது. சுத்தம் செய்கிற பெண் வருவதற்கு முன்னால் எழுந்து, இன்னொரு தலையணையை முழங்கையால் அமுக்கிக் குழி பண்ணினாள். செருப்பு உறையைப் பிரித்து, ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் போட்டாள். அவர் அப்படித்தான் கழற்றுவார். துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தொங்கவிட்டாள். தொங்கவிட்டுத் திரும்பியபோது கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. வார்டில் ஒரு பேஷண்ட் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லியிருப்பாள். அந்த அறையில் இருக்கப் பிடிக்காமல் வெளியே கிளம்பினாள். போனை மேஜை மேலேயே விட்டுவிட்டாள்.

நடந்து நடந்து, கால் கொண்டுபோய் விட்ட இடம் அச்சகத் தெரு. வாசலில் பெரிய பெரிய காகித உருளைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மை வாசனை தெருமுனை வரை அடித்தது. எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து டீ வாங்கினாள். அது குடிக்காமலே ஆறிப்போக, இன்னொன்று வாங்கினாள். உள்ளே போய், "அவர் இருக்காரா?" என்று கேட்டால் என்ன ஆகும் என்று ஒரு கிறுக்குத்தனமான யோசனை வந்தது. நல்லவேளை, எழுந்து வந்துவிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஹோட்டல் முன்கூடத்துக்குள் நுழைந்தபோது மேசை முன்னால் மகன் நின்றுகொண்டிருந்தான்.

முகத்தில் ஈயாடவில்லை. ஆபீஸிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறான். அடையாள அட்டை கழுத்தில் தொங்கிற்று. மேசைக்காரர் அவனைவிடக் குழம்பிப்போய் நின்றார்.

"போன் எடுக்கலயேன்னு ஹோட்டலுக்குப் பண்ணினேன்" என்றான். "அம்மா வெளிய போயிருக்காங்க, சாரும் வெளியதான்னு சொன்னாங்க. எந்த சார்னு கேட்டேன்."

மேசைக்காரர் பாவமாகப் பலகையைக் காட்டினார். "நீங்கதானேம்மா சொன்னீங்க, சார் டூட்டிக்குப் போயிருக்கார், வந்துடுவார்னு. ரூம் கிளீன் பண்றவங்களும் சொன்னாங்க, சார் வந்து வந்து போறார்னு. காலையில செருப்பெல்லாம்கூட..."

பலகையில் இரண்டு வில்லைகளும் ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. குட்டு இப்படி நடுக்கூடத்தில் உடையும் என்று அவள் நினைக்கவில்லை. பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மகன் அவள் கையைப் பிடித்தான். அவளுடைய கண்ணைப் பார்த்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டான்: "அம்மா. அப்பா எங்கம்மா?"

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அவளே வார்டில் பேசின குரல். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த இடம், உங்க பேர் என்ன என்று கேட்கிற குரல். இப்போது தவறாக ஒன்று சொன்னால் எல்லாம் முடிந்தது. வீடு போய்விடும், சாவி போய்விடும், ஓர் அறையும் மெத்தையும் வேளைக்கு மாத்திரையும் மிஞ்சும். சரியான பதிலைச் சொன்னால் போதும். சுற்றி வளைக்காமல் நேராகச் சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை. அவள் வாயைத் திறந்தாள். டூட்டிக்கு என்று நாக்கு தன் பாட்டுக்கு எழும்பியது. அதை விழுங்கினாள்.

"செத்துட்டார்" என்றாள்.

குரல் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"உங்கப்பா செத்துட்டார்டா. எனக்குத் தெரியும். நான்தான் நாடி பார்த்தேன். நாற்காலியில சாஞ்சிருந்தார், நான்தான் பார்த்தேன். நான் எத்தனை பேருக்கு நாடி பார்த்திருக்கேன்... எனக்கு மட்டும் தெரியாதா?"

அழுகை வந்தது. மூன்று மாதமாக வராதது, நாலு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு "அழுதுடு சிஸ்டர்" என்று கெஞ்சியபோது வராதது, இந்தப் பளிங்குத் தரையில், முன்பின் தெரியாத ஜனங்களுக்கு நடுவில், வாய்விட்டு வந்தது. கைப்பை கீழே விழுந்தது. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

"அம்மா, மெதுவா... எல்லாரும் பார்க்கறாங்க" என்றான் மகன். அவனுக்கு அது பிறவிக் குணம் மாதிரி. ராத்திரி ஷிப்ட் அப்பாவுக்கும் காலை டூட்டி அம்மாவுக்கும் பிறந்தவன். வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சத்தம் போடாதே, மெதுவா நட, மெதுவா பேசு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. இன்றைக்கும் அவன் கதவைச் சாத்தினால் காதில் விழாது.

"பார்க்கட்டும்" என்றாள். "எவ்வளவு காலம்டா மெதுவாவே இருந்துட்டோம். இனிமே நம்ம வீட்ல யாரும் தூங்கிக்கிட்டு இல்ல."

அவன் முகம் கோணியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்குத்தாம்மா சொல்றேன். பாரு, உன்னால முடியல. பெட்டியை எடு, போகலாம். அங்க நாங்க எல்லாரும் இருக்கோம்" என்றான்.

"நீங்க எல்லாரும் இருக்கீங்க. அதனாலதான் முடியாதுங்கறேன்." மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். குரல் தழுதழுத்தாலும் நர்ஸின் அதட்டல் அதில் வந்துவிட்டது. "உன் வீட்ல நான் அழுதா நீ ஓடி வருவே. உன் பெண்டாட்டி தண்ணி எடுத்துக்கிட்டு வருவா. குழந்தை பயந்துக்கும். உங்களுக்காக நான் அழாம இருப்பேன். எனக்கு அழறதுக்கு ஒரு வீடு வேணும்டா. இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கு."

அவன் கீழே கிடந்த கைப்பையை எடுத்து, தூசியைத் தட்டி, அவள் தோளில் மாட்டிவிட்டான். வெகுநேரம் அதன் வாரைச் சரி செய்துகொண்டே இருந்தான்.

"மூணு நாள் இன்னும் முடியலடா" என்றாள் அவள். "நாளைக்குக் காலையிலதான் ரூமைக் காலி பண்ணணும்."

"சரிம்மா. காலையில நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

"எங்க?"

"உன் வீட்டுக்குத்தான்." சற்றுப் பொறுத்து, "நானும் கொஞ்ச நேரம் அங்க உட்கார்ந்திருக்கலாமா?" என்று கேட்டான். அவளுக்கு மறுபடி அழுகை வந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். போகும்போது அவன் வாசலில் நின்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

மேசைக்காரர் அவளுடைய வில்லையை 'உள்ளே' பக்கம் மாற்றினார். மற்றதைக் கொக்கியிலிருந்து கழற்றியவர், எந்தப் பக்கம் மாட்டுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பலகையில் இரண்டே பக்கம்தான் உண்டு.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, எனக்குத் தெரியாது..." என்றார்.

"உங்க மேல என்ன தப்பு? தனியா வர்றவங்க ரூம்ல, மிஞ்சற வில்லையை என்ன பண்ணுவீங்க?"

"டிராயர்ல வெச்சுடுவோம்மா."

"அப்ப அங்கயே வெச்சுடுங்க."

அவர் டிராயரை இழுத்தார். உள்ளே நிறையக் கிடந்தன. இதையும் வைத்து மூடினார். அவள் மூடுகிறவரை நின்று பார்த்துவிட்டு, படியேறிப் போனாள்.

ஜன்னலுக்கு வெளியே தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. கீழே அதே வயலின்காரன், அதே கூட்டம். கலைத்துப் போட்டிருந்த அந்த இரண்டு செருப்புகளையும் எடுத்துச் சேர்த்து, சுவரோரமாக வைத்தாள். தலையணைக் குழியைத் தட்டிச் சமமாக்கினாள். "நீங்க சொன்னதுதான் சரி. அரண்மனைதான்" என்றாள், காலி அறையைப் பார்த்து. பிறகு கதவிடம் போய்ச் சாத்தினாள். தாழ்ப்பாள் பழைய காலத்துப் பித்தளை, ஒரு கைக்கு அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, முழு பலத்தோடு தள்ளிப் போட்டாள்.